புகை வேட்கையும் மனவிழிப்பும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனமுள்ள எந்தக் கிராமத்திற்குச் சென்றாலும், முறைநீர் விடும் இரவுகளில் மதகடியில் இரண்டு மூன்று நெருப்புப் பொட்டுகள் விட்டுவிட்டு மின்னுவதைக் காணலாம். அவை பீடிகளின் நுனிகள். தம் வயலுக்குத் தண்ணீர் வரும் வரையில் விழித்திருக்க வேண்டிய குடியானவர்கள், தூக்கம் வராதிருக்கவும் பனி உறைக்காதிருக்கவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைக்கிறார்கள். களத்துமேட்டிலும், பம்புசெட்டு நிழலிலும், தேநீர்க்கடைத் திண்ணையிலும் இதுவே வழக்கம். ‘ஒரு பீடி பிடிக்கும் நேரம்’ என்பது உழைப்பாளியின் இளைப்பாறுதலுக்கு ஓர் அளவாகவே வழங்கி வருகிறது. ஆகவே, பீடியை விடுங்கள் என்று நாம் கூறும்போது, தமக்குக் கிடைக்கும் சிறு ஓய்வையும் நாம் பறிக்க வந்ததாக அவர் எண்ணுவதில் வியப்பில்லை.

இதனை உணராமல் நாம் ஒரு தவறு செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், மே தினக் கிராம சபை ஒன்றில், புகைப்பழக்கத்தின் தீமைகளை விரித்துரைத்துவிட்டு, விட விரும்புவோர் கையுயர்த்தி உறுதிமொழி கூறுமாறு கேட்டுக்கொண்டோம். ஏறக்குறைய 40 பேர் கையுயர்த்தினர். கூட்டமும் கரவொலி எழுப்பியது. பத்து நாள் கழித்து அவ்வூர்ச் சாலைப் பணியைப் பார்வையிடச் சென்றபோது, நமது ஜீப்பைக் கண்டதும் ஒருவர் வைக்கோற்போரின் பின்னால் விரைந்து மறைந்தார். சிறிது நேரத்தில் போரின் பின்னாலிருந்து புகை எழுந்தது. வைக்கோற்போரில் தீப்பற்றாமல் போனது அவ்வூராரின் நற்பேறு. அந்த உறுதிமொழியினால் அவர் கற்றது, ஒளிந்து பிடிக்கும் வித்தை ஒன்றே. வேட்கை எழும்போது அதனை என்ன செய்வது என்பதை நாம் அவருக்குக் கற்பிக்கவில்லை. அதனைக் கற்பிக்கும் ஒரு முறையைப் பற்றியும், நகரத்து மருத்துவமனைக்கு அலையாமல் தொலைபேசியின் வாயிலாகவே அதனைப் பயிலக்கூடும் என்பதைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பீடியைப் பற்றிய ஒரு தவறான எண்ணம்

சிகரெட்டைக் காட்டிலும் பீடியில் புகையிலை குறைவு. ஆதலால் தீங்கும் குறைவு என்று அநேகர் நம்புகின்றனர். புகையிலை குறைவு என்பது உண்மையே. ஆயினும் பீடியைச் சுற்றியுள்ள இலை காற்றை எளிதில் உள்ளே விடுவதில்லை. அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதன் காரணமாக, ஒரு பீடியினின்று நுரையீரலுக்குள் செல்லும் தாரும் நிக்கோட்டினும் சிகரெட்டினின்று செல்வதற்குச் சிறிதும் குறைந்தவை அல்ல.

இதன் விளைவைக் காண வெளிநாட்டுக் கணக்குகளைத் தேடிச் செல்லத் தேவையில்லை. சென்னை நகரிலும், நமக்குத் தெற்கேயுள்ள விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி, உயிரோடிருக்கும் 35,000 ஆண்களுடன் ஒப்பிட்டு, டாக்டர் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் நடத்திய ஆய்வு 2003-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. நமது நாட்டில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் மரணத்திற்குப் புகைப்பழக்கம் காரணமாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. புற்றுநோயைப் பற்றியே பிரச்சாரம் செய்து பழகிய நமக்கு இது திடுக்கிடச் செய்யும் செய்தி. நெடுநாள் இருமலை ‘பீடி இருமல்தானே’ என்று கிராமத்தில் தள்ளிவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதனால் அறியலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்கள் வற்புறுத்த வேண்டும்.

வேட்கையின் இயல்பு

புகைப்பவர்களுக்கு விட விருப்பமில்லை என்று கூறுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. 2016-17-இல் இந்தியா முழுவதும் நடத்தப்பெற்ற வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைப்போரில் 100-க்கு 55 பேர் விட வேண்டும் என்ற எண்ணமுடையவர்கள்; 100-க்கு 38 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் விட முயன்றே பார்த்தவர்கள். அம்முயற்சிகளில் பெரும்பாலானவை எவர் துணையுமின்றித் தனியே செய்யப்பட்டவை. அவ்வாறு துணையின்றி முயல்வோரில் ஆண்டு முடிவில் நிலைத்து நிற்போர் நூற்றுக்கு ஐவர்கூட இரார் என்பது மருத்துவர் யாவரும் அறிந்ததே.

இத்தனை பேர் ஏன் தோற்கின்றனர்? புகையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருள் சில விநாடிகளில் மூளையை அடைந்து ஒரு வகை இன்பத்தையும் தெளிவையும் தருகிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, வேலையில் மனம் செல்லாமை ஆகியவை தலைதூக்கும். மீண்டும் ஒன்றைப் பற்றவைத்தவுடன் இவை நீங்கும். பீடி தமக்கு அமைதி தருகிறது என்று புகைப்பவர் கருதுகிறார். தாம் நீக்கிக்கொள்ளும் அமைதியின்மையை உண்டாக்கியதும் முந்தைய பீடியே என்பது அவருக்குப் புலப்படுவதில்லை. இத்துடன் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. உணவு உண்டவுடன், தேநீர் குடித்தவுடன், பேருந்துக்குக் காத்து நிற்கையில், அடுத்தவர் பற்றவைக்கும் வாடை மூக்கில் பட்டவுடன், கை தானாகவே மடியைத் தடவுகிறது.

இங்கு யாவரும் அறியவேண்டிய ஓர் உண்மை உண்டு. பீடியை நிறுத்தியவருக்கு எழும் வேட்கை நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. எழும், உச்சியை அடையும், தணியும். ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 5 நிமிடங்களுக்குள் அதன் வேகம் அடங்கிவிடும். முதல் வாரத்தில் அடிக்கடி வரும், வலிமையாகவும் வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் உடலின் தவிப்பு பெரும்பாலும் குறைந்துவிடும். ஆனால் புகைப்பவர் தம் வாழ்நாளில் வேட்கை தானே தணிவதை ஒருமுறையேனும் பார்த்ததில்லை. எழுந்தவுடனே பற்றவைத்துவிடுகிறார். ஆகையால், பற்றவைக்காவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும், தம்மால் தாங்க இயலாது என்றே நம்புகிறார்.

ஏரியை அறிந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பெருமழையில் ஏரிக்கு வரும் வெள்ளத்தைக் கரையை உயர்த்திக்கொண்டே போய்த் தடுக்க முடியாது. அவ்வாறு செய்தால் ஓரிடத்தில் உடைப்பெடுக்கும். அதற்காகவே நம் முன்னோர் கலங்கல் அமைத்தனர். மிகுந்த நீர் கலங்கலின்மேல் வழிந்து செல்லும்; வரத்து நின்றதும் தானே அடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வேட்கையை அடக்குபவர் கரையை உயர்த்துபவர். வேட்கையை வரவிட்டு, பார்த்திருந்து, போகவிடுபவர் கலங்கல் கட்டியவர். இப்பார்த்திருத்தலைத்தான் மனவிழிப்பு என்கிறோம்.

மனவிழிப்பு

இது புதிதாக எங்கிருந்தோ வந்த சரக்கு என்று எண்ண வேண்டா. இன்ன நொடியில் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வதை, நன்று தீது என்று தீர்ப்பளிக்காமல் கவனித்திருக்கும் பயிற்சி பௌத்தத் துறவிகளால் பல நூற்றாண்டுகள் போற்றப்பட்டது. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூறு சங்காராமங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆகவே நமது மாவட்டத்து மண்ணுக்கு இப்பயிற்சி அந்நியமானதன்று. 1979-இல் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் என்பவர் சமயச் சடங்குகளை நீக்கி, நோயாளிகள் தம் வலியையும் மனவுளைச்சலையும் தாங்கிக்கொள்ள உதவும் பயிற்சியாக இதனை வகுத்தார். எம்மதத்தினரும், எம்மதமும் சாராதவரும் பயிலலாம். பத்மாசனம் இட வேண்டுவதில்லை. கண்ணை மூட வேண்டுவதுமில்லை. வரப்பில் குந்தியிருந்தே செய்யலாம்.

நாம் இதனை ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை. நாமும் 15 ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர்களே. கிராம சபையில் புகைப்பழக்கத்தின் தீமைகளை எடுத்துரைத்த காலத்திலும், கூட்டம் முடிந்ததும் ஜீப்பின் மறுபுறம் சென்று பற்றவைத்தவர்களே. வைக்கோற்போரின் பின்னால் மறைந்தவரைப் பற்றி மேலே எழுதியபோது இதனையும் எழுதியிருக்க வேண்டும். 2020-இல் நாடெங்கும் ஊரடங்கு ஏற்பட்டுக் கடைகள் மூடப்பட்டபோது நாம் பட்ட பாடு பெரிது. நமது கல்லூரித் தோழரான ஒரு மருத்துவர் நாள்தோறும் மாலை தொலைபேசியில் 5 நிமிடம் பேசி இப்பயிற்சியைக் கற்பித்தார். அவர் இருந்த ஊருக்கும் நாம் இருந்த ஊருக்கும் இடையே சாலைகள் அடைக்கப்பட்டிருந்தன. ஆயினும் பாடம் தடைப்படவில்லை.

அவர் கற்பித்த முறை இதுதான். முதற்படி விசித்திரமானது: விட வேண்டாம், ஒன்றைப் பற்றவையுங்கள், ஆனால் பேச்சு, செய்தித்தாள், தேநீர் எதுவுமின்றி அதனை மட்டுமே கவனித்துப் பிடியுங்கள் என்றார். நாக்கில் என்ன சுவை, தொண்டையில் என்ன உணர்ச்சி, விரலில் என்ன நாற்றம் என்று ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னார். 15 ஆண்டுகளில் நாம் அதன் சுவையைக் கவனித்ததே இல்லை என்பது அன்று தெரிந்தது. கசப்பும் காந்தலும் தவிர வேறொன்றும் இல்லை. நாம் விரும்பியது சிகரெட்டின் சுவையை அன்று; தவிப்பு நின்றுபோவதையே.

பின்னர், வேட்கை எழும்போது செய்யவேண்டியதை நான்கு சொற்களில் அடக்கினார்: அறிதல், ஏற்றல், ஆராய்தல், குறித்தல். ‘இதோ வேட்கை வந்துவிட்டது’ என்று முதலில் அறிய வேண்டும். அதனை விரட்டவோ, வந்ததற்காகத் தம்மை நொந்துகொள்ளவோ கூடாது. வந்தது வந்ததுதான் என்று ஏற்க வேண்டும். மூன்றாவதாக, அது உடலில் எங்கே இருக்கிறது என்று ஆராய வேண்டும். மார்பில் இறுக்கமா, தொண்டையில் வறட்சியா, வாயில் நீர் ஊறுகிறதா, விரல்கள் துறுதுறுக்கின்றனவா? மூச்சு எப்படிச் சென்று வருகிறது? கடைசியாக, கண்டதை ஒரு சொல்லால் மனத்துள் குறிக்க வேண்டும்: ‘இறுக்கம்’, ‘வறட்சி’, ‘சூடு’, ‘குறைகிறது’, ‘மறுபடி கூடுகிறது’ என்றவாறு. கவனம் சிதறினால் மூச்சுக்குத் திரும்பிவந்து மீண்டும் தொடங்க வேண்டும். இவற்றுள் மூன்றாவதே உயிரானது. வேட்கையைப் பூதமென அஞ்சுபவர் அதனை உற்றுப் பார்ப்பதில்லை. உற்றுப் பார்த்தால், ஒரு கை அகலத்தில் மார்பிலே தோன்றி மறையும் ஓர் இறுக்கமாக மட்டுமே அது எஞ்சுகிறது. அதனைத் தாங்குவது கதிர் அறுக்கும் வெயிலைத் தாங்குவதைவிட எளிது.

புகையிலை விடுத்தோருக்கு வழக்கமாகக் கூறப்படும் யோசனை, சிறிது நேரம் தள்ளிப்போடுதல், தண்ணீர் குடித்தல், ஆழ்ந்து மூச்சு விடுதல், வேறு வேலையில் ஈடுபடுதல் என்பன. இவை நல்லவையே, பகலில் இவை போதும். வேறு வேலையும் இல்லாமல், தூங்கவும் கூடாமல், இருட்டில் காத்திருக்க வேண்டியவருக்கு மனவிழிப்பே கைகொடுக்கிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்டிருக்கும் இம்முறை பொருந்தும்.

தொலைபேசியில் கிடைக்கும் துணை

மத்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேசியப் புகையிலை விடுப்பு உதவித் தொலைபேசியைத் தில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது. 2018-இல் மும்பை, குவஹாத்தி, பெங்களூர் ஆகிய நகரங்களிலும் மையங்கள் சேர்க்கப்பட்டன. பெங்களூரில் உள்ள மையம் நிம்ஹான்ஸ் என்று வழங்கும் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தில் இயங்குகிறது. தென்னாட்டு மொழிகளில், தமிழிலும், பேசுகிறது. எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. 2018 செப்டம்பர் முதல் இவ்வெண் சிகரெட் பெட்டியிலும் பீடிக்கட்டிலும் எச்சரிக்கைப் படத்தோடு அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். விடுவதற்கான வழி பீடிக்கட்டின் மேலேயே எழுதியிருக்க, அதனைப் பிரித்தெறிந்துவிட்டு நாம் பற்றவைத்து வருகிறோம்.

அழைத்தால் என்ன கேட்பார்கள் என்ற அச்சம் கிராமத்தாருக்கு உண்டு. அறிவுரையாளர் முதலில் கேட்பது, நாளொன்றுக்கு எத்தனை, எழுந்த எவ்வளவு நேரத்தில் முதலாவது, முன்பு விட முயன்றதுண்டா, எந்தச் சந்தர்ப்பத்தில் மீண்டும் தொடங்கினீர்கள் என்பவையே. அதன்பின் விடும் நாள் ஒன்றை அழைத்தவரே குறிக்கும்படி செய்வார். குறித்த நாளிலும் அதனைத் தொடர்ந்தும் அவர்களே திரும்ப அழைத்து நிலைமையை விசாரிப்பார்கள். ஒருமுறை பேசி விட்டுவிடுவதைக் காட்டிலும், இவ்வாறு பன்முறை அழைத்துப் பேசுவதே மிகுந்த பயன் தருவது என்று பல நாட்டு ஆய்வுகளிலும் தெளிவாகியுள்ளது.

ஆயினும் நமது குடியானவர்களுக்கு இதில் ஓர் இடையூறு இருக்கிறது. இச்சேவை காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை; திங்கட்கிழமை விடுமுறை. மதகடியில் வேட்கை எழுவதோ இரவு 11 மணிக்கு! மனவுளைச்சல் மிகுந்தோருக்காக 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி-மானஸ்’ என்னும் 14416 எண் இரவும் பகலும் இயங்குவதே. ஆயினும் பீடி நினைவு வந்ததற்காக ஒரு மனநல எண்ணை நள்ளிரவில் அழைக்க எந்தக் குடியானவரும் துணியார். இவ்விடத்தில்தான் ஊரிலேயே உள்ள ஒருவருடைய குரல் தேவைப்படுகிறது.

ஒரு நீர்ப்பாய்ச்சியின் அனுபவம்

நமது வட்டாரத்து ஏரியொன்றில் நீர்ப்பாய்ச்சியாக உள்ள ஒரு பெரியவர் 35 ஆண்டுகளாக நாளொன்றுக்கு இரண்டு கட்டுப் பீடி பிடித்தவர். மதகின் திருகை ஒரே மூச்சில் திறந்து வந்தவர், ஐந்து இடத்தில் நின்று மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று தெரிந்தது; ஆனால் நுரையீரல் தளர்ந்திருந்தது. ஆயக்கட்டுதாரர்கள் அவ்வேலையை வேறொருவருக்கு மாற்றுவது பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அறுவடைக்கு அவருக்குக் கிடைக்கும் நெல்லும் அதனோடு போய்விடும்.

அவருடைய மகனின் கைபேசியிலிருந்து உதவி எண்ணை அழைக்கச் செய்தோம். அமாவாசையன்று விடுவதாக நாள் குறித்தார். மூன்று நாள் பகலும் இரவும் தாங்கினார். நான்காம் நாள் இரவு முறைநீர். அருகிருந்தவர் பற்றவைத்த வாடையில் தாமும் ஒன்றை வாங்கிப் பிடித்துவிட்டார். மறுநாள் அலுவலகத்திற்கு வந்து, “ஐயா, என்னால் ஆகாது, என்னை விட்டுவிடுங்கள்” என்றார். அன்றிரவு முதல், மதகடிக்குச் சென்றதும் நம்மை ஒருமுறை அழைக்குமாறு கேட்டுக்கொண்டோம். வேட்கை வந்தவுடன் அவர் அழைப்பார்; நாம் புத்திமதி கூறுவதில்லை. “பெரியவரே, இப்போது எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்போம். “நெஞ்சுக்குழியில், ஐயா.” “இறுக்கமா, எரிச்சலா?” “பிசைகிற மாதிரி.” சிறிது மௌனம், தவளைகளின் ஓசைதான் கேட்கும். “இப்போது?” “தொண்டைக்கு வந்திருக்கிறது.” இவ்வாறு நான்கைந்து கேள்விகள். ஐந்தாறு நிமிடத்தில் அவரே, “போய்விட்டது, ஐயா, நீங்கள் தூங்குங்கள்” என்பார். முதல் வாரத்தில் ஒரே இரவில் மூன்று முறை அழைத்ததும் உண்டு. நமது இல்லத்தார் முகம் சுளித்ததும் உண்டு. மூன்றாவது வாரத்தில் அழைப்பு வருவது நின்றது. மீண்டும் பிடிக்கத் தொடங்கிவிட்டாரோ என்று சந்தேகித்து நாமே அழைத்தோம். “நீங்கள் கேட்கிற கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன்” என்றார்.

தம்பியின் கருமாதிக்கு வந்த உறவினரோடு சேர்ந்து இடையில் ஒரு நாள் நான்கு பீடி பிடித்தார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். மறுநாள் மீண்டும் நிறுத்தினார். ஒரு வயலில் களை முளைத்ததற்காகப் பயிரையே உழுதுவிடுவார் இல்லை. அடுத்த சம்பாவில் திருகைத் திறக்க அவர் இரண்டு இடத்தில் மட்டும் நின்றார். வேலை அவரிடமே இருக்கிறது.

ஆய்வுகள் கூறுவது

ஒருவர் இருவர் அனுபவத்தைக் கொண்டு முடிவு கட்டுவது முறையாகாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜட்சன் பிரூயர் என்ற மனநல மருத்துவர் 88 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மனவிழிப்பும், மற்றதற்கு வழக்கமான பயிற்சியும் நேரில் அளித்தார். 17 வாரங்களுக்குப் பின்னர் மனவிழிப்புப் பிரிவில் 100-க்கு 31 பேரும், மற்றதில் 100-க்கு 6 பேருமே புகையாதிருந்தனர். இது 2011-இல் வெளியாகி மிகுந்த நம்பிக்கையூட்டியது. ஆனால் இப்பயிற்சியையே கைபேசிச் செயலியாக்கி, மனிதத் துணையின்றி அளித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 6 மாத முடிவில் செயலி பெற்றவர்களுக்கும் பயிற்சி பெறாதவர்களுக்கும் விட்டோர் தொகையில் வேறுபாடு காணப்படவில்லை. வேட்கை எழுந்தவுடன் புகைத்துவிடும் பிணைப்பு மட்டும் அவர்களிடம் தளர்ந்திருந்தது. 2022-இல் இத்துறை ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவினர், மற்ற முறைகளைவிட மனவிழிப்பு மேலானது என்று கூறத் தெளிவான சான்று இன்னும் கிடைக்கவில்லை என்றே எழுதியுள்ளனர்.

ஆகவே இதனை அற்புத மருந்தென்று எவரும் பறைசாற்ற வேண்டா. தொலைபேசி அறிவுரையும், தேவையானபோது மருத்துவர் தரும் நிக்கோட்டின் மெல்லும் பசை முதலிய மருந்துகளுமே அடிப்படை. எழுந்த 5 நிமிடத்திற்குள் முதல் பீடி பிடிப்பவர்களுக்கு மருந்தும் பெரும்பாலும் தேவைப்படும். அந்த அடிப்படையின்மீது, வேட்கை எழும் ஐந்து நிமிடங்களைக் கடக்க உதவும் கைக்கோலாக மனவிழிப்பைக் கொள்ளலாம். செயலி தோற்றதற்குக் காரணம் கேட்பவர் இல்லாமையே என்பது நமது கருத்து. இதில் மாறுபடுவோரும் இருக்கலாம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மட்டும் தம் மருத்துவரைக் கலந்துகொண்டே இதில் இறங்க வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

உத்திரமேரூரின் பெயரைக் கேட்டவுடன் யாவரும் குடவோலையை நினைவுகூர்வர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக முடியாது என்பது வரை விதித்துள்ளன. புகையிலையைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. அச்செடி போர்ச்சுகீசியரால் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே. கணக்குக் காட்டும் வழக்கத்தை மட்டும் இங்கும் கொள்ளலாம். எத்தனை பேர் உறுதிமொழி கூறினர் என்பதை விட்டு, எத்தனை பேர் உதவி எண்ணை அழைத்தனர், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் புகையாதிருக்கின்றனர் என்று பெயர் குறிப்பிடாமல் தொகையை மட்டும் கிராம சபையில் படிக்கலாம். பெயரைப் படித்தால் மீண்டும் வைக்கோற்போர்தான்.

பொது இடத்தில் புகைத்தல் 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடுக்கப்பட்டுள்ளது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பஞ்சாயத்து அலுவலகம், நியாயவிலைக் கடை, பேருந்து நிழற்குடை ஆகியவை இதில் அடங்கும். பள்ளியிலிருந்து 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்கலாகாது என்பதையும் பல ஊர்களில் மறந்திருக்கின்றனர். இவற்றை நடைமுறைப்படுத்தும்போது, அபராதம் கேட்கும் கை உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தல் நன்று.

முக்கியமானது, வேட்கை நேரத்தில் அழைக்கத்தக்க ஒருவரை ஒவ்வோர் ஊரிலும் ஏற்படுத்துவது. தாமே புகைத்து விட்டவராக இருந்தால் சிறப்பு. பொறுமையும், ஊர்க்கதை பேசாத நாவும் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் புகையிலை மெல்லும் பெண்களுக்கு இதனைச் செய்யலாம். கைபேசி பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றாயிருப்பதாலும், அது மகன் கையில் இருப்பதாலும், உதவி எண்ணை அழைக்கவும் திரும்ப வரும் அழைப்பை ஏற்கவும் பஞ்சாயத்து அலுவலகத்தில் வாரம் ஒருநாள் ஓர் அறையையும் ஒரு தொலைபேசியையும் ஒதுக்கிக் கொடுக்கலாம். கதவைச் சாத்திக்கொள்ளும் வசதி இருக்கட்டும்.

செலவைக் கேட்பவர்களுக்குக் கணக்கு எளிது. நாளொன்றுக்கு 30 ரூபாய்க்குப் புகைப்பவர் ஆண்டுக்கு 10,950 ரூபாயை எரிக்கிறார். அத்தகையோர் 20 பேர் உள்ள சிற்றூரில் அது 2,19,000 ரூபாய். உடல் நலம் திரும்புவதையும் அவர்களிடம் நாள்வாரியாகச் சொல்லலாம். நிறுத்திய ஓரிரு நாளில் இரத்தத்திலுள்ள கரியமிலப் புகை நஞ்சு இயல்பு நிலைக்கு வந்துவிடும். ஓராண்டில் மாரடைப்புக்கான கூடுதல் அபாயம் பாதியாகும். பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயின் அபாயம் ஏறத்தாழப் பாதியாகும்.

விடும் நாளைக் குறிக்கும்போது நல்ல நாள் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், நமக்கு மறுப்பில்லை. முறைநீர் இல்லாத வாரமாகவும், வீட்டில் விசேஷமோ துக்கமோ இல்லாத சமயமாகவும் இருக்குமாறு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உதவி எண்ணுக்குத் திங்கட்கிழமை விடுமுறையாதலால், ஞாயிறும் திங்களும் தவிர்த்து, செவ்வாயோ புதனோ தொடங்குவது வசதி. முதல் நான்கு நாள்கள் அழைப்பதற்கு ஆள் இருப்பார்கள்.